வெளியிலிருந்து வரும் அதிபர்கள்

1990 பிப்ரவரி வரை பெரு நாட்டின் கருத்துக் கணிப்புகளில் ஆல்பெர்த்தோ ஃபுஜிமோரிக்கு என்று தனி வரி கிடையாது. ‘பிறர்’ என்று கடைசியில் போடும் வரிக்குள் அடங்கிக் கிடந்தார். லா மொலினா வேளாண் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர், ஜப்பானியக் குடியேறிகளின் மகன், கட்சி ஆரம்பித்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகாதவர். ஏப்ரல் 8 அன்று நடந்த முதல் சுற்றில் அவருக்கு 29 சதவீத வாக்கு விழுந்தது. முதலிடத்தில் இருந்த எழுத்தாளர் மரியோ வர்கஸ் யோசாவுக்கும் அவருக்கும் மூன்றரைப் புள்ளிதான் இடைவெளி. ஜூன் 10 அன்று நடந்த இரண்டாம் சுற்றில் 62 சதவீதம் பெற்று அதிபரானார்.

அரசியலுக்கு வெளியே இருந்து வரும் ஒருவர் ஒரு நாட்டின் உச்சப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட முடியுமா என்ற கேள்விக்கு முடியும் என்பதே பதில். பெருவில், உக்ரைனில், துனிசியாவில், குவாத்தமாலாவில், அமெரிக்காவில், இலங்கையில் நடந்திருக்கிறது. எந்த நாட்டில் முடிகிறது, எந்த வாசல் வழியாக முடிகிறது, நாற்காலியில் உட்கார்ந்த மறுநாள் அவருக்கு என்ன ஆகிறது என்பவைதான் பதில் வேண்டி நிற்கும் கேள்விகள். இவற்றில் மூன்றாவது கேள்வியைத் தேர்தல் நேரத்தில் யாரும் கேட்பதில்லை. விலை கொடுப்பது மக்கள் என்பதால் அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பெருவுக்கே திரும்புவோம், அங்கே எல்லாமே துலக்கமாகத் தெரிகிறது. ஆலன் கார்சியாவின் ஐந்தாண்டு ஆட்சி முடியும் தறுவாயில் பணவீக்கம் ஆயிரக்கணக்கான சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் வாங்கிய சம்பளம் மாலைக்குள் கரைந்தது. மலைப்பகுதிகளில் ‘ஒளிரும் பாதை’ என்ற மாவோயிஸ்ட் இயக்கமும் ராணுவமும் மாறி மாறிக் கிராமத்தாரைக் கொன்றுகொண்டிருந்தன. இடதுசாரிக் கூட்டணி உடைந்து போயிருந்தது. 1989 நவம்பரில் தலைநகர் லிமாவின் மேயராக ரிக்கார்டோ பெல்மோன்ட் என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளரை மக்கள் தேர்ந்தெடுத்தபோதே பழைய கட்சிகளுக்கு எச்சரிக்கை மணி அடித்துவிட்டது.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஒன்று, யோசாவும் வெளியாள்தான் என்பது. 1987இல் வங்கிகளை நாட்டுடைமையாக்கும் திட்டத்தை எதிர்த்து லிமாவின் சான் மார்த்தின் சதுக்கத்தில் பெரும் கூட்டம் கூட்டித்தான் அவர் அரசியலுக்குள் வந்தார். அதற்கு முன் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. ஆனால் தேர்தலுக்காக இரண்டு பழைய கட்சிகளுடன் கூட்டணி வைத்தார். அந்தக் கட்சிகளின் வேட்பாளர்கள் நாடாளுமன்ற இடத்துக்காகத் தொலைக்காட்சியில் கொட்டிய விளம்பரப் பணம், பஞ்சத்தில் வாடிய நாட்டில் அவருடைய பெயரையும் சேர்த்துக் கெடுத்தது. ஃபுஜிமோரியோ டிராக்டர் மேல் ஏறி நின்று சேரிகளுக்குப் போனார். அவருடைய துணை அதிபர் வேட்பாளர்களில் ஒருவர் சிறுதொழில் முதலாளி, இன்னொருவர் பாப்டிஸ்ட் போதகர். சுவிசேஷ சபைகளின் தொண்டர்கள் வீடு வீடாக அவருக்காக நடந்தார்கள். விலைவாசியைக் கட்டுப்படுத்த ஒரேயடியாகக் கசப்பு மருந்து கொடுப்பேன் என்று யோசா வெளிப்படையாகச் சொன்னார். அது வேண்டாம் என்று சொல்லி ஃபுஜிமோரி வாக்கு வாங்கினார். பதவியேற்ற சில நாள்களில், ஆகஸ்டில், அதே மருந்தை அவரே கொடுத்தார்.

இங்கே இரண்டு சுற்றுத் தேர்தல் என்ற விதியைப் பார்க்க வேண்டும். முதல் சுற்றில் வாக்குகள் சிதறும்போது 20, 30 சதவீதம் இருந்தால் இரண்டாம் இடம் கிடைத்துவிடும். இரண்டாம் சுற்றில் எதிராளியைப் பிடிக்காத எல்லாரும் வந்து சேர்ந்துகொள்வார்கள். யாரென்றே தெரியாத ஒருவருக்கு இதைவிட அகலமான வாசலை எந்தத் தேர்தல் முறையும் திறந்து வைப்பதில்லை. பெருவில் ஃபுஜிமோரி நுழைந்த அதே ஆண்டு நவம்பரில், போலந்தில் ஸ்டனிஸ்வாவ் டிமின்ஸ்கி என்ற கனடாவிலிருந்து திரும்பிய வியாபாரி, பதவியிலிருந்த பிரதமர் மசோவியெட்ஸ்கியை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு இரண்டாம் சுற்றுக்குப் போனார். எதிரே நின்றவர் லேக் வலேசா என்பதால் தோற்றார். வலேசாவும் கிடான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தின் மின்பணியாளர்தான், ஆனால் பத்தாண்டுப் போராட்டம் அவருக்குப் பின்னால் இருந்தது. சிறையிலும் வீதியிலும் அரசியல் கற்றுக்கொண்டவரை, வலேசாவானாலும் மண்டேலாவானாலும், நான் வெளியாள் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

நடிகர் என்பதாலேயே ஒருவர் வெளியாளாகிவிடவும் மாட்டார். ரொனால்ட் ரீகன் அதிபராகும் முன் எட்டாண்டு கலிஃபோர்னியாவின் ஆளுநராக இருந்தார். பிலிப்பைன்ஸின் ஜோசப் எஸ்ட்ராடா மேயர், செனட்டர், துணை அதிபர் என்று படிப்படியாக ஏறி 1998இல் அதிபரானவர். இம்ரான் கான் கிரிக்கெட்டிலிருந்து வந்தாலும் 1996இல் கட்சி தொடங்கி 2018இல் பிரதமராகும் வரை 22 ஆண்டு காத்திருந்தார். இவர்களுக்குப் புகழ் வெளியே கிடைத்தது, அரசியல் பயிற்சி உள்ளே கிடைத்தது.

உண்மையில் வெளியாள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களில் பலர் அவ்வளவு வெளியே இருந்ததில்லை. பிரான்ஸின் எம்மானுவேல் மக்ரோன் 2017க்கு முன் ஒரு தேர்தலிலும் நின்றதில்லை. 2016 ஏப்ரலில்தான் தன் இயக்கத்தைத் தொடங்கினார், பதின்மூன்று மாதத்தில், 39 வயதில், அதிபர். ஆனால் அவர் அதிபர் மாளிகையின் துணைச் செயலராகவும் பொருளாதார அமைச்சராகவும் இருந்தவர். ஃபுஜிமோரிகூட அரசுத் தொலைக்காட்சியில் உரையாடல் நிகழ்ச்சி நடத்தியவர். டிரம்ப் பத்தாண்டுக்கு மேல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியாக அமெரிக்க வீட்டு வரவேற்பறையில் முதலாளியாகத் தோன்றியவர். வொலோதிமிர் ஸெலென்ஸ்கி 2015 முதல் ‘மக்களின் ஊழியன்’ என்ற தொடரில், திடீரென்று நாட்டின் அதிபராகிவிடும் பள்ளி ஆசிரியராக நடித்தார். 2018 டிசம்பர் 31 இரவு, அதே தொடரை ஒளிபரப்பிய அலைவரிசையில், தான் நிஜமாகவே போட்டியிடப் போவதாக அறிவித்தார். கட்சிக்கும் தொடரின் பெயர்தான். அந்த அலைவரிசையின் உரிமையாளர் நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். கட்சி செய்ய வேண்டிய வேலையை, அதாவது ஊர் ஊராக ஒரு முகத்தைப் பழக்கப்படுத்தும் வேலையை, தொலைக்காட்சி செய்து முடித்திருந்தது.

அமெரிக்காவின் வாசல் வேறு மாதிரியானது. அங்கே கட்சிக்கு வெளியே நின்று ஜெயிப்பது அநேகமாக இயலாத காரியம். 1992இல் டெக்சாஸ் கோடீஸ்வரர் ராஸ் பெரோ சுயேச்சையாக நின்றார். தொண்டர்கள் கையெழுத்துச் சேகரித்து ஐம்பது மாநிலங்களிலும் அவர் பெயரை வாக்குச்சீட்டில் ஏற்றினார்கள். ஜூன் மாதக் கணிப்புகளில் புஷ்ஷையும் கிளின்டனையும் முந்தினார். ஜூலையில் விலகினார், அக்டோபரில் திரும்பி வந்தார், அரைமணி நேரத் தொலைக்காட்சி இடங்களை விலைக்கு வாங்கி, கையில் வரைபட அட்டைகளை வைத்துக்கொண்டு அரசின் கடனை மக்களுக்கு விளக்கினார். கிட்டத்தட்ட 19 சதவீதம் வாக்கு கிடைத்தது. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் கிடைத்த இடம் பூஜ்யம். பெரும்பாலான மாநிலங்களில் முதலிடம் பெற்றவருக்கே அந்த மாநிலத்தின் எல்லா இடமும் போய்விடும் என்பதால் நாடெங்கும் பரவிக் கிடக்கும் ஆதரவு அங்கே காசுக்கு உதவாது. அந்தக் குழுவின் 538 இடங்களில் 270 யாருக்கும் கிடைக்காவிட்டாலும், மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில் பிரதிநிதிகள் சபை அதிபரைத் தேர்ந்தெடுக்கும். அந்தச் சபையில் இருப்பவர்கள் இரண்டு கட்சிக்காரர்கள்.

ஆகவே அமெரிக்காவில் வெளியாளுக்கு உள்ள ஒரே வழி, இரண்டில் ஒரு கட்சியைக் கைப்பற்றுவது. முன்பு கட்சிப் பெரியவர்கள் அனுமதித்தால்தான் அது நடந்தது. 1848இல் சக்கரி டெய்லர், 1868இல் கிராண்ட், 1952இல் ஐசனோவர் ஆகிய தளபதிகளைக் கட்சிகளே அழைத்து வந்தன. 1940இல் மின்சார நிறுவனத் தலைவர் வெண்டெல் வில்கி, கொஞ்ச காலம் முன்புவரை எதிர்க் கட்சியில் இருந்தவர், பிலடெல்ஃபியா மாநாட்டின் ஆறாவது சுற்று வாக்கெடுப்பில் குடியரசுக் கட்சி வேட்பாளரானார், ரூஸ்வெல்ட்டிடம் தோற்றார். 1968இல் ஹம்ஃப்ரி ஒரு முதனிலைத் தேர்தலில்கூடப் போட்டியிடாமல் வேட்பாளரானதால் எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகு விதிகள் மாறின. 1972 முதல் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது முதனிலைத் தேர்தல்களில் வாக்களிக்கும் சாதாரண ஆதரவாளர்களின் கைக்கு வந்தது. ஜனநாயகப்படுத்தும் நோக்கத்தோடு செய்த இந்த மாற்றம்தான் 2016இல் டிரம்புக்கு வழி திறந்தது. பதினேழு பேர் மோதிய களத்தில், கட்சிக்குள் விழுந்த வாக்கில் பாதிகூட இல்லாமல், சுமார் 45 சதவீதத்துடன் அவர் வேட்பாளரானார். ராணுவத்திலும் இல்லாமல், அரசுப் பதவியிலும் இல்லாமல் நேரே அதிபரான முதல் அமெரிக்கர் அவர்.

நாடாளுமன்ற முறை உள்ள நாடுகளில் இது அரிது. அவையில் பெரும்பான்மை இல்லாமல் பிரதமராக முடியாது என்பதால் வெளியாள் தன் பின்னால் நூற்றுக்கணக்கான வேட்பாளர்களையும் ஜெயிக்க வைக்க வேண்டும். விதிவிலக்குகள் உண்டு. பெர்லுஸ்கோனி 1994 ஜனவரியில் அரசியலுக்கு வருவதாகத் தன் தொலைக்காட்சிகள் வழியே அறிவித்து மார்ச்சில் வென்றார். லஞ்ச வழக்குகளில் இத்தாலியின் பழைய கட்சிகள் சரிந்து விழுந்திருந்த நேரம் அது. பல்கேரியாவில் ஒன்பது வயதில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட முன்னாள் மன்னர் சிமியோன், 2001இல் திரும்பி வந்து, சில மாதங்களில் கட்சி அமைத்து, 240 இடங்களில் 120 வென்று பிரதமரானார். இந்தியாவில் மக்களவைக்கு ஒருபோதும் தேர்ந்தெடுக்கப்படாத மன்மோகன் சிங் பத்தாண்டு பிரதமராக இருந்தார் என்றாலும் அது கட்சி கொடுத்த இடம். அப்துல் கலாம் 2002இல் குடியரசுத் தலைவரானதும் கட்சிகள் கூடி எடுத்த முடிவே. ராமேஸ்வரத்துக்காரரான அவரை எதிர்த்து இடதுசாரிகள் நிறுத்திய கேப்டன் லட்சுமியோ மார்க்சிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர். அதிகாரம் குறைந்த, மரியாதை மிகுந்த பதவிகளுக்குக் கட்சிகள் வெளியாளை மனமுவந்தே தேடிப் பிடிக்கின்றன.

ஸ்பெயின் அரசியல் அறிஞர் ஹுவான் லின்ஸ் 1990இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, அதிபர் முறையில் மக்களிடம் நேரே அதிகாரம் பெற்ற இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள் என்று எச்சரித்தது. அதிபரும் மக்கள் ஆணை என்கிறார், நாடாளுமன்றமும் மக்கள் ஆணை என்கிறது. கட்சிப் பின்புலம் இல்லாதவர் அதிபரானால் இந்த மோதல் இன்னும் கடுமையாகும். பெருவில் நாடாளுமன்றத் தேர்தல் அதிபர் தேர்தலின் முதல் சுற்றன்றே நடக்கிறது. அதாவது வெளியாள் இன்னும் பாதி ஆதரவைக்கூடத் திரட்டாத நாளிலேயே அவருடைய எம்.பி.க்களின் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. ஃபுஜிமோரிக்கு இரு அவைகளிலும் மூன்றில் ஒரு பங்கு இடம்கூட இல்லை. 1992 ஏப்ரல் 5 ஞாயிறு இரவு தொலைக்காட்சியில் தோன்றி நாடாளுமன்றத்தைக் கலைத்தார், கட்டடத்தைச் சுற்றி ராணுவ வண்டிகள் நின்றன. பெரும்பான்மை மக்கள் அதைக் கைதட்டி வரவேற்றார்கள் என்பதை மறைக்கக் கூடாது. அந்த ஆட்சியில் பாரியோஸ் ஆல்தோஸில் 15 பேரையும் லா காந்தூத்தா பல்கலைக்கழகத்திலிருந்து 10 பேரையும் ராணுவக் கொலைக்குழு கொன்றது. 2000இல் ஃபுஜிமோரி ஜப்பானுக்குப் போய் அங்கிருந்து தொலைநகலில் ராஜினாமாவை அனுப்பினார். 2009இல் அந்தக் கொலைகளுக்காக 25 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அதே நாடு முப்பதாண்டு கழித்து இன்னொரு வெளியாளைத் தேர்ந்தெடுத்தது. கஹமார்கா மலைக் கிராமத்துப் பள்ளி ஆசிரியரும் சங்கத் தலைவருமான பெத்ரோ காஸ்தியோ 2021இல் முதல் சுற்றில் 19 சதவீதம்தான் பெற்றார், ஆனாலும் அதுவே முதலிடம். இரண்டாம் சுற்றில் ஃபுஜிமோரியின் மகள் கெய்கோவைச் சுமார் 44,000 வாக்கில் வென்றார். அகலமான வைக்கோல் தொப்பியோடு அவர் பதவியேற்றபோது மலைநாட்டு ஏழைகள் கொண்ட மகிழ்ச்சி பொய்யில்லை. 130 பேர் கொண்ட அவையில் அவரை நிறுத்திய கட்சிக்கு 37 இடம். பதினாறு மாதத்தில் ஐந்து பிரதமர்களை மாற்றினார். 2022 டிசம்பர் 7 அன்று மூன்றாவது பதவிநீக்கத் தீர்மானம் வரவிருந்த வேளையில், ஃபுஜிமோரி செய்ததையே செய்யப் பார்த்தார், தொலைக்காட்சியில் நாடாளுமன்றத்தைக் கலைப்பதாக அறிவித்தார். ராணுவம் கூட வரவில்லை. சில மணி நேரத்தில் பதவியும் போனது, கைதும் நடந்தது. அதன் பின் தெற்கு மலைப்பகுதிகளில் எழுந்த போராட்டங்களில் பல உயிர்கள் போயின. அவரை நம்பி வாக்களித்த ஊர்களில்தான் துப்பாக்கிச் சூடும் நடந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. காஸ்தியோவின் தகுதியின்மை ஒரு பக்கம் இருக்கட்டும், முதல் சுற்றன்றே நாடாளுமன்றத்தைத் தீர்மானித்துவிடும் அட்டவணையும் அவர்களை ஏமாற்றியிருக்கிறது.

துனிசியாவில் காய்ஸ் சயீத் என்ற அரசியல் சாசன விரிவுரையாளர் கட்சியே இல்லாமல் 2019இல் 73 சதவீதம் வாங்கினார். 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தை முடக்கினார், பிறகு கலைத்தார். குவாத்தமாலாவில் நகைச்சுவை நடிகர் ஜிம்மி மொராலெஸ் 2015இல் வென்றபோது அவர் கட்சிக்கு 158இல் 11 இடம்தான். ஊழலை ஒழிக்க வந்தவர், தன்னையே விசாரித்த ஐ.நா. ஆதரவு ஊழல் எதிர்ப்பு ஆணையத்தை நாட்டைவிட்டு அனுப்பினார்.

நாடாளுமன்றத் தேர்தல் அதிபர் தேர்தலுக்குப் பின்னால் வரும் நாடுகளில் கதை மாறுகிறது. மக்ரோன் மே மாதம் வென்றார், ஜூனில் அவருடைய புதுக்கட்சி தனியாகவே 577இல் 308 இடம் பிடித்தது. ஸெலென்ஸ்கி பதவியேற்பு உரையிலேயே நாடாளுமன்றத்தைக் கலைப்பதாகச் சொன்னார், ஜூலையில் 254 இடம், சுதந்திர உக்ரைனில் முதல் தனிக்கட்சிப் பெரும்பான்மை. அப்படியானால் தேர்தல் அட்டவணையை மாற்றினால் போதுமா? இலங்கையைப் பார்த்த எவரும் அப்படிச் சொல்லத் துணிய மாட்டார்கள்.

இலங்கை அரசியலமைப்பு வெளியாளுக்கு ஒரு தடை வைத்திருக்கிறது. நாடாளுமன்றத்தில் ஒருபோதும் இருந்திராதவர் ஜனாதிபதித் தேர்தலில் சுயேச்சையாக நிற்க முடியாது, அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒன்று நிறுத்த வேண்டும். 2010இல் முன்னாள் ராணுவத் தளபதி சரத் பொன்சேகா அன்னம் சின்னத்தில் நின்றது அதனால்தான். 2019இல் கோட்டாபய ராஜபக்ஸ தாமரை மொட்டுச் சின்னத்தில் 52 சதவீதம் பெற்று, நாடாளுமன்றத்தில் ஒருநாளும் இருந்திராத முதல் ஜனாதிபதியானார். அரசியல்வாதி இல்லாத நிர்வாகி, காரியம் முடிப்பவர் என்று ‘வியத்மக’ என்ற தொழில்முறையாளர் அமைப்பு அவரைத் தெற்கில் முன்னிறுத்தியது. முன்னாள் ஜனாதிபதியின் தம்பி என்பது அந்தப் படத்தைக் கெடுக்கவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் அவரைப் புதியவர் என்று நினைக்க யாராலும் முடியவில்லை. 2009இல் போரின் இறுதியில் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவரை முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்கள் நன்றாகவே அறிவார்கள். அங்கே வாக்குகள் பெருவாரியாக, அவரை எதிர்த்து நின்ற சஜித் பிரேமதாசவுக்குப் போயின. கோட்டாபய பதவியேற்ற இடம் அநுராதபுரத்தின் ருவன்வெலி சாய என்ற பௌத்தத் தூபி, சிங்கள மக்களின் வாக்கால் வென்றேன் என்று அங்கேயே சொன்னார். ஒருவர் யாருக்கு வெளியாள், யாருக்கு இல்லை என்று கேட்காமல் இந்த ஆய்வு முழுமையாகாது.

2020 ஆகஸ்டில் அவருடைய கட்சிக்கு 225இல் 145 இடம். அக்டோபரில் 20ஆவது திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரங்களைக் கூட்டியது. எதிர்த்துப் பேச வேண்டிய அவை, அவரால் வந்த அவையாகிவிட்டது. வந்தவுடனே வரியைக் குறைத்தார், மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தார். ஒரு போகத்துக்குள் நெல்லும் தேயிலையும் விழுந்தன. மலையகத் தோட்டங்களில் கொழுந்து குறைந்தால் வேலைநாள் குறையும், கூலி குறையும். வேளாண் விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள், கேட்க வைக்கும் பலம் நாடாளுமன்றத்தில் எவருக்கும் இருக்கவில்லை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியது. ஜூலை 9 அன்று மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 14 அன்று சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் அவர் ராஜினாமா வந்தது.

அவை இல்லாத வெளியாள் அவையை உடைக்கப் பார்க்கிறார். தன்னால் உருவான அவையைக் கையில் வைத்திருப்பவரைத் தடுக்க ஆள் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டியது, தலைவருக்கு முன்பே பிறந்து அவருக்குப் பின்பும் இருக்கப் போகிற, அவரிடம் முடியாது என்று சொல்லக்கூடிய ஒரு கட்சி. மக்ரோனின் கட்சிக்கு அந்த உயிர் வரவில்லை, 2022இல் பெரும்பான்மை போனபின் அது தத்தளிப்பதைப் பார்க்கிறோம். நான் வெளியாளுக்குக் கதவை மூடச் சொல்லவில்லை. கார்சியாவின் பெருவில் பழையவர்களுக்கே திரும்ப வாக்களியுங்கள் என்று யாரிடமும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் வேட்பாளரின் முகத்தைப் பார்க்கும் நேரத்தில் பாதியையாவது, அவருக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் யார், அவர்களில் எத்தனை பேர் அவரால் மட்டும் அங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பதற்குச் செலவிட வேண்டும்.

2024இல் இலங்கை வேறொன்றைச் செய்து பார்த்தது. அநுர குமார திசாநாயக்க 2000 முதல் நாடாளுமன்றத்தில் இருந்தவர், கொஞ்ச காலம் அமைச்சராகவும் இருந்தவர். வெளியே இருந்தது அவருடைய கட்சி. 1971இலும் எண்பதுகளின் இறுதியிலும் ஆயுதக் கிளர்ச்சி செய்து நசுக்கப்பட்ட ஜே.வி.பி.யின் வழிவந்த தேசிய மக்கள் சக்தி என்ற அணி, 2019இல் 3 சதவீதம் வாங்கியது, 2024 செப்டம்பரில் 42 சதவீதம். யாரும் பாதியைத் தொடாததால் நாட்டின் வரலாற்றில் முதல் தடவையாக விருப்பு வாக்குகளையும் எண்ணித்தான் வெற்றி அறிவிக்கப்பட்டது. அந்தத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டம் அவருக்குச் சொற்ப வாக்கே கொடுத்தது. தமிழர் உரிமைப் பிரச்சினையில் ஜே.வி.பி.யின் பழைய நிலைப்பாடுகளை மறந்துவிட அங்கே யாரும் தயாராக இல்லை. இரண்டு மாதம் கழித்து நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159 இடம். யாழ்ப்பாணத்தின் ஆறு இடங்களில் மூன்றும் அந்தக் கணக்கில் இருந்தன.